வடத்தை விட்ட பிறகு

தமிழ்நாட்டில் டி.ஜி.பி. ஓய்வுபெறும் நாளில் நடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பூ அலங்காரத்தோடு ஜீப் நிற்கும். முன்னால் நீளமாக வடம் கட்டியிருக்கும். ஐ.பி.எஸ். அதிகாரிகள் இருபுறமும் வடம் பிடித்து இழுப்பார்கள். நேற்றுவரை உத்தரவு போட்டவர் வண்டியில் நின்றபடி, கும்பிட்டுக்கொண்டே வாசல்வரை போவார். தேரோட்டம் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு அது புதிதாகத் தெரியாது. எல்லையைக் காக்கும் படைகளிலும் இப்படி வழியனுப்பும் சம்பிரதாயங்கள் உண்டு. ஜவானும் அதிகாரியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் ‘படா கானா’வும் உண்டு.

தேர் நிலைக்கு வந்ததும் வடத்தைச் சுருட்டிவைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு ஆர்வமெல்லாம் அதற்கு மறுநாள் காலையில்தான். தொப்பியும் தோள்பட்டை நட்சத்திரங்களும் இல்லாமல் விழிக்கும் அந்த மனிதர் என்ன செய்கிறார்? பெரும்பாலானவர்கள் பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள், நடைப்பயிற்சி போவார்கள், சிலர் சுயசரிதை எழுதுவார்கள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

எல்லைப் பாதுகாப்புப் படையின், அதாவது பி.எஸ்.எஃப்.பின், தலைமைப் பொறுப்பிலிருந்து கே.எஃப்.ருஸ்தம்ஜி விடைபெற்றது 1974-ல். வயது 58. படையின் முதல் தலைவர் அவர்தான். ஒன்பது ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். ஒரு காவல் அதிகாரியின் வாழ்க்கை முழுமைபெற அதுவே போதும். ஆனால், சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிற ஒரு வழக்குக்கு வித்திட்டது, அவர் காக்கியைக் கழற்றிய பிறகு செய்தித்தாளில் எழுதிய இரண்டு கட்டுரைகள்.

‘மிலிட்டரி இல்ல தம்பி’

எங்கள் தெருவில் பி.எஸ்.எஃப்.பில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஊருக்கு அவர் ‘மிலிட்டரிக்காரர்’. அவருக்கு அது பிடிக்காது. “மிலிட்டரி இல்ல தம்பி, அவங்க டிஃபென்ஸ். நாங்க ஹோம் மினிஸ்ட்ரி” என்று சளைக்காமல் திருத்துவார். திருத்தி என்ன? ஒட்ட வெட்டிய முடி, விடியற்காலை ஓட்டம், பேச்சில் அங்கங்கே விழும் இந்தி. ஊர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். பென்ஷன், கேன்டீன் என்று பேச்சு வரும்போது மட்டும் அந்த வித்தியாசம் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடுகிறது என்பது அவருடைய நெடுநாள் வருத்தம்.

அவர் திருத்திக்கொண்டே இருக்கும் அந்த வித்தியாசத்தின் மேல்தான் ருஸ்தம்ஜி தன் படையைக் கட்டினார்.

1965 ஏப்ரல் 9. குஜராத்தின் கட்ச் பகுதியில், உப்பு பூத்துக் கிடக்கும் ரண் வெளியில், சர்தார் போஸ்ட் என்ற காவல் சாவடியைப் பாகிஸ்தான் ராணுவத்தின் ஒரு பிரிகேடு தாக்கியது. எதிரே இருந்தவர்கள் ராணுவத்தினர் அல்ல, சி.ஆர்.பி.எஃப். வீரர்களும், குஜராத் மாநில ஆயுதப் போலீசும். போலீஸ் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள். சி.ஆர்.பி.எஃப். இன்றும் அந்த நாளை வீர தினமாகக் கொண்டாடுகிறது. தில்லிக்கோ அதிர்ச்சி. அந்நிய ராணுவத்தின் பீரங்கிக்கு முன்னால் நாம் நிறுத்தி வைத்திருந்தது போலீஸ்காரர்களை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதுவரை அந்தந்த மாநில ஆயுதப் போலீசே எல்லையைப் பார்த்துக்கொண்டது. பஞ்சாபுக்கு ஒரு முறை, ராஜஸ்தானுக்கு ஒரு முறை, வங்கத்துக்கு ஒரு முறை. துப்பாக்கி வேறு, சம்பளம் வேறு, யாருக்கு யார் பதில் சொல்வது என்பதும் வேறு. சரி, ராணுவத்தையே கோட்டில் நிறுத்திவிடலாமே என்றால், அதில் வேறு சங்கடம். ஆட்டுக்குட்டியைத் தேடிக் கோடு தாண்டிய சிறுவனும், இரவில் சர்க்கரை மூட்டை கடத்துகிறவனும் ராணுவத்தின் வேலை அல்ல. சமாதான காலத்தில் இரண்டு ராணுவங்கள் முகத்தோடு முகம் நின்றால், தவறி வெடிக்கும் ஒரு தோட்டாகூட போராகிவிடும். போலீஸ்போல விசாரிக்கவும் வேண்டும், தேவைப்பட்டால் ராணுவம்போல அகழியில் இறங்கிச் சண்டை போடவும் வேண்டும். அப்படியொரு படை அன்று இந்தியாவில் இல்லை.

அதை உருவாக்க அழைக்கப்பட்டவர், மத்தியப் பிரதேச போலீஸ் ஐ.ஜி.யாக இருந்த ருஸ்தம்ஜி. வேலையைத் தொடங்கிச் சில வாரங்களிலேயே செப்டம்பர் போர் மூண்டுவிட்டது. போர் முடிந்து, டிசம்பர் 1-ஆம் தேதி, மாநிலங்களிடமிருந்து பெற்ற 25 சொச்சம் பட்டாலியன்களோடு பி.எஸ்.எஃப். பிறந்தது.

பட்டாலியன் என்றதும் ஒரே அச்சில் வார்த்த படையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கூட்டுக்குடும்பத்தில் நாலு ஊர் மருமகள்கள் வந்து சேர்ந்த கதைதான். ஆளாளுக்கு ஒரு பழக்கம், ஒரு மொழி, தாய்வீட்டைப் பற்றி ஒரு பெருமை. இவர்களோடு, சீனப் போருக்குப் பிறகு ராணுவத்தில் குறுகிய காலத்துக்குச் சேர்ந்து விடுவிக்கப்பட்ட இளம் அதிகாரிகளும் வந்து சேர்ந்தார்கள். மேலே ஐ.பி.எஸ். அதிகாரிகள். போலீஸ்காரனுக்கு ராணுவத்தான் மேல் சந்தேகம், ராணுவத்தானுக்குப் போலீஸ்காரன் மேல் இளக்காரம். படைக்கென்று தனிச் சட்டம் வந்ததே 1968-ல்தான்.

ருஸ்தம்ஜி இரண்டு பக்கத்தையும் விடவில்லை. இன்றும் பி.எஸ்.எஃப்.பின் பதவிப் பெயர்களைப் பார்த்தால் அந்தச் சமரசம் தெரியும். கீழே கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள், சப்-இன்ஸ்பெக்டர், உச்சியில் ஐ.ஜி., டைரக்டர் ஜெனரல். எல்லாம் காவல் துறைப் பெயர்கள். ஆனால் அவர்கள் இயங்குவது பிளாட்டூனாக, கம்பெனியாக, பட்டாலியனாக. பட்டாலியனுக்குத் தலைவர் கமாண்டன்ட். பயிற்சிக்காக, குவாலியரை அடுத்த டேக்கன்பூரில் 1966-ல் அகாடமி தொடங்கினார்கள். ராஜஸ்தான் மணலுக்கு ஒட்டகம், சுந்தரவனத்து ஓடைகளுக்குப் படகு, தனி விமானப் பிரிவு, நாய்ப் பயிற்சி மையம், போலீஸ் படையில் கேள்விப்படாத அதிசயமாகச் சொந்தப் பீரங்கிப் பிரிவு. ஒன்பது ஆண்டுகளில் இத்தனையும். கோப்பு நகர்வதற்கே ஒன்பது ஆண்டு ஆகிற நாட்டில் இதை நான் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

இன்று அந்தப் படையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். பாகிஸ்தானோடு சுமார் 2,290 கிலோமீட்டர், வங்கதேசத்தோடு சுமார் 4,096 கிலோமீட்டர் எல்லை. இரவு நேர ‘நாகா’ காவலில், பனியிலும் கொசுக்கடியிலும் துப்பாக்கியை அணைத்தபடி கண்விழித்துக் கிடப்பவர்களில் திருநெல்வேலிக்காரரும் வேலூர்க்காரரும் இருக்கிறார்கள்.

சம்பல் கணக்கு

ருஸ்தம்ஜி நாக்பூருக்குப் பக்கத்திலுள்ள காம்ப்டியில், 1916-ல், பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். நாக்பூரில் கொஞ்ச காலம் கல்லூரி ஆசிரியர். 1938-ல் போலீஸ் பணியில் சேர்ந்தார். அன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அவரை விடவில்லை. அவர் இறந்த பிறகு, ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி பி.வி.ராஜகோபால் அவற்றைத் தொகுத்துப் புத்தகங்களாக்கினார்.

1952 முதல் ஆறு ஆண்டுகள் பிரதமர் நேருவின் பாதுகாப்புப் பொறுப்பு. கூட்டத்தைக் கண்டால் காரிலிருந்து குதித்து உள்ளே நுழைந்துவிடுகிற பிரதமர். அவர் பின்னால் ஓட வேண்டியவர் ருஸ்தம்ஜி. இன்றைய இசட் பிளஸ் வளையத்தோடு ஒப்பிட்டால் அது கிட்டத்தட்டத் தனி ஆள் வேலை.

1958-ல் மத்தியப் பிரதேச ஐ.ஜி.யானார். சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளைக்காரர்கள் கோலோச்சிய காலம். அவர்களில் ஒருவன், கிராமத்தவர்களின் மூக்கை அறுத்துவிடுவதற்குப் பேர்போன கப்பர் சிங். ஆமாம், பதினாறு ஆண்டு கழித்து ‘ஷோலே’ படத்தின் வில்லனுக்குப் பெயர் கொடுத்தவன்தான். 1959 நவம்பர் 13 அன்று போலீசோடு நடந்த மோதலில் அவன் கொல்லப்பட்டான். மறுநாள் நேருவின் 70-ஆவது பிறந்தநாள். அந்தச் செய்தியையே ருஸ்தம்ஜி பிறந்தநாள் பரிசாகப் பிரதமருக்குத் தெரிவித்தார் என்பது பிரபலமான கதை. ஒரு மரணத்தைப் பரிசாகக் கொடுப்பது இன்று வாசிக்கும்போது கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது. மூக்கறுபட்டவர்களின் ஊரில் நின்று பார்த்தால் நெருடியிருக்காது.

அடுத்த ஆண்டு மே மாதம் வினோபா பாவே சம்பலுக்கு நடந்தே வந்தார். இருபது பேர் அளவில் அவர் முன் ஆயுதங்களை வைத்துச் சரணடைந்தார்கள். நாடே நெகிழ்ந்தது. ஐ.ஜி. நெகிழவில்லை. கொள்ளையர்களுக்கு மாலை மரியாதை என்றால், அவர்களோடு போராடிச் செத்த போலீஸ்காரனுக்கு என்ன மரியாதை என்கிற ரீதியில் வெளிப்படையாகவே விமர்சித்தார். மகாத்மாவின் சீடரோடு மோதுகிற அதிகாரிக்கு அந்தக் காலத்தில் என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. பிற்காலத்தில் சிறைக் கைதிகளுக்காக எழுதிய ருஸ்தம்ஜியை, மனம் மாறிய கறார் போலீஸ்காரராகக் காட்டுவது கதைக்கு அழகாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்பலில் கொலைகாரர்கள் நீதிமன்றத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று கோபப்பட்டவர், பிகாரில் அரசாங்கமே நீதிமன்றத்தைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்ததும் அதே கோபத்தைத்தான் பட்டார். அப்படியானால் கப்பர் சிங் எந்த நீதிமன்றத்தைப் பார்த்தான் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு ருஸ்தம்ஜியின் வாழ்க்கையில் வழவழப்பான பதில் கிடையாது.

மாற்றுத் துணியில்லாத விருந்தாளிகள்

1971 மார்ச் 25 இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தன் சொந்த மக்கள்மேல் பாய்ந்தது. அவாமி லீக் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் கைதானார். கட்சியின் பொதுச்செயலாளர் தாஜுதீன் அகமதுவும் தோழர் அமீருல் இஸ்லாமும் கால்நடையாக, ஊர் ஊராக ஒளிந்து, மார்ச் 30 அன்று இந்திய எல்லைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களை எதிர்கொண்டது வெளியுறவுத் துறையோ ராணுவமோ இல்லை. பி.எஸ்.எஃப். கிழக்குப் பிராந்திய ஐ.ஜி. கோலக் மஜும்தார். தகவல் போனதும் ருஸ்தம்ஜி அன்றிரவே தில்லியிலிருந்து கல்கத்தாவுக்குப் பறந்தார்.

ஒரு நாட்டின் வருங்காலப் பிரதமரான தாஜுதீன் எதிரே நிற்கிறார். பல நாள் அழுக்கு உடம்பில், மாற்றிக்கட்ட வேறு துணி இல்லை. ருஸ்தம்ஜி தன் பெட்டியிலிருந்த குர்த்தா, பைஜாமாவை எடுத்துக் கொடுத்தார் என்று அங்கே இருந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ராஜதந்திரம் என்று நாம் பெரிய பெரிய அர்த்தத்தில் சொல்வது சில சமயம் துவைத்த துணியிலிருந்துதான் தொடங்குகிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் தாஜுதீன் தில்லியில் இந்திரா காந்தியைச் சந்தித்தார்.

ஏப்ரல் 17. கல்கத்தா பத்திரிகையாளர்களை, எங்கே போகிறோம் என்று சொல்லாமலேயே கார்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லைக்கு அப்பால் மெஹர்பூர் பகுதியில் பைத்யநாத்தலா என்ற ஊர். அங்கே ஒரு மாந்தோப்பு. அந்த நிழலில் வங்கதேசத்தின் தற்காலிக அரசு பதவியேற்றது. ஊருக்கு முஜிப்நகர் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஏற்பாடுகளுக்குப் பின்னால் இருந்தது பி.எஸ்.எஃப். வங்கதேச விடுதலைப் படையான முக்தி பாஹினியின் வீரர்களுக்கு முதல் பயிற்சியும் முதல் ஆயுதங்களும் எல்லைச் சாவடிகளில்தான் கிடைத்தன. பெரிய அளவில் ராணுவம் அந்தப் பொறுப்பை ஏற்றது பிறகுதான். அதே சாவடிகளின் வழியாகத்தான் அந்த ஆண்டு ஒரு கோடி அகதிகள் நடந்து வந்தார்கள்.

அதே எல்லையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை வெறும் பொன்னாடையாகிவிடும். ருஸ்தம்ஜி படையை விட்டுப் போய் வெகுநாள் கழித்து அங்கே முள்வேலி வந்தது. 2011 ஜனவரியில், வங்கதேசத்துக்குத் திரும்ப வேலியேறிய 15 வயதுச் சிறுமி, பி.எஸ்.எஃப். துப்பாக்கிச் சூட்டில் இறந்து அந்த வேலியிலேயே தொங்கினாள். படையின் நீதிமன்றம் சுட்டவரை விடுவித்தது. வங்கதேசத்தில் அந்தப் புகைப்படத்தை யாரும் மறக்கவில்லை. குர்த்தாவை எடுத்துக் கொடுத்த அதே படைதான்.

பாம்பனும் புலிகாட்டும்

1974-க்கு வருவோம். பி.எஸ்.எஃப்.பை அஸ்வினி குமாரிடம் ஒப்படைத்துவிட்டு, ருஸ்தம்ஜி உள்துறை அமைச்சகத்தில் சிறப்புச் செயலாளரானார். கடல்வழிக் கள்ளக்கடத்தல் உச்சத்தில் இருந்த நேரம்: தங்கக் கட்டி, கைக்கடிகாரம், நைலான் துணி. சுங்கத் துறையின் படகுகளைக் கடத்தல்காரர்களின் படகுகள் சுலபமாகத் தாண்டிப் போய்விடும். கடற்படையை அதற்கு ஏவுவது கொசுவுக்குப் பீரங்கி. என்ன செய்யலாம் என்று ஆராய ருஸ்தம்ஜி தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். நிலத்துக்குச் சொன்ன பதிலையே அவர் கடலுக்கும் சொன்னார்: போருக்கும் போலீசுக்கும் நடுவிலுள்ள வேலைக்குத் தனிப்படை.

1977 பிப்ரவரி 1 அன்று கடலோரக் காவல்படை பிறந்தது. ராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் மீனவர்கள் ‘கோஸ்ட் கார்டு’ என்று நல்லதுக்கும் கெட்டதுக்கும் உச்சரிக்கிற பெயர். புயலில் சிக்கிய படகை மீட்டாலும் அந்தப் பெயர்தான், வலையை விரிக்கவிடாமல் விரட்டினாலும் அந்தப் பெயர்தான். தொடக்கத்தில் கடற்படை கொடுத்த பழைய கப்பல்கள் மொத்தம் ஏழு. அவற்றிலிருந்த ஐந்து ரோந்துப் படகுகளில் ஒன்றின் பெயர் பாம்பன், இன்னொன்றின் பெயர் புலிகாட், அதாவது நம் பழவேற்காடு.

இரண்டு கட்டுரைகள்

அவசரநிலை முடிந்தது, ஆட்சி மாறியது. 1977 நவம்பரில் ஜனதா அரசு தேசியப் போலீஸ் கமிஷனை அமைத்தது. தலைவர் தரம் வீரா. உறுப்பினர்களில் சென்னை உயர்நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி என்.கிருஷ்ணசாமி ரெட்டி, சி.பி.ஐ. இயக்குநராக இருந்த சி.வி.நரசிம்மன் ஆகியோரோடு ருஸ்தம்ஜியும் இருந்தார். அவசரநிலையின்போது உள்துறையின் உயர்பதவியில் இருந்தவர் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டே இனி வருவதைப் படிக்க வேண்டும்.

கமிஷன் வேலையாகப் பிகாருக்குப் போனவர், அங்கே சிறைகளைப் பார்த்தார். கமிஷன் உறுப்பினர் வருகிறார் என்றால் சிறையில் என்ன நடக்கும்? வெள்ளையடிப்பார்கள், வரிசையில் நிறுத்துவார்கள், தேநீர் கொடுப்பார்கள். ருஸ்தம்ஜி நாற்பது வருட போலீஸ்காரர். அந்த வெள்ளையடிப்பெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. அவர் கேட்டது எளிமையான கேள்வி: எத்தனை வருடமாக உள்ளே இருக்கிறாய், எதற்காக?

ஐந்து வருடம், ஏழு வருடம், ஒன்பது வருடம், பத்துக்கும் மேல். விசாரணையே தொடங்காதவர்கள். குற்றம் நிரூபணமானால் கிடைத்திருக்கக்கூடிய அதிகபட்ச தண்டனையைவிட நீண்ட காலம் உள்ளே கிடந்தவர்கள். ஜாமீன் தொகை கட்ட வழியில்லாதவர்கள். குற்றமே செய்யாமல், சாட்சிகளாகவும் பாதிக்கப்பட்டவர்களாகவும் ‘பாதுகாப்புக்காக’ அடைத்து வைக்கப்பட்ட பெண்கள்.

இதைக் கமிஷன் அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதிவிட்டுப் போயிருந்தால் அது அந்தப் பத்தியோடு தூங்கியிருக்கும். அவர் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழுக்கு எழுதினார். 1979 ஜனவரி 8, 9 தேதிகளில் கட்டுரைகள் வெளியாயின. தில்லியில் வழக்கறிஞர் தம்பதி கபிலா ஹிங்கோரானியும் நிர்மல் ஹிங்கோரானியும் அவற்றைப் படித்தார்கள். இரண்டே நாளில் உச்சநீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு.

அன்றைய நடைமுறைப்படி அந்த மனு செல்லாது. பாதிக்கப்பட்டவர் வர வேண்டும், அல்லது அவர் சார்பில் உறவினர் வர வேண்டும். கபிலாவுக்குக் கைதிகள் எவரும் உறவில்லை, வக்காலத்துகூடக் கையில் இல்லை. இருந்த ஆதாரம் ஒரு செய்தித்தாள். பதிவாளர் அலுவலகம் தயங்கியது. கபிலா விடவில்லை. நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான அமர்வு எடுத்துக்கொண்டது. பட்டியலில் முதலில் இருந்த கைதியின் பெயரால் அது ஹுசைனாரா காத்தூன் வழக்கு ஆனது. விரைவான விசாரணை, உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றும், ஏழைக்கு இலவச வழக்கறிஞரைத் தருவது அரசின் கடமை என்றும் நீதிமன்றம் சொன்னது. இந்த வழக்கின் விளைவாக விடுதலையான விசாரணைக் கைதிகள் நாடு முழுக்க சுமார் 40,000 பேர். இந்தியாவில் பொதுநல வழக்கு என்பதன் தொடக்கமாக இதைத்தான் காட்டுகிறார்கள்.

40,000 என்பது கிட்டத்தட்ட நாற்பது பட்டாலியன். அவர் தொடங்கிய படையைவிடப் பெரிய எண்ணிக்கை.

சிறைகள் அதோடு சீராகிவிட்டன என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூவர் இன்னும் விசாரணைக் கைதிகள்தான்.

கமிஷனின் கதையும் நம் நாட்டுக் கமிஷன்களின் கதைதான். 1979-க்கும் 1981-க்கும் இடையில் எட்டு அறிக்கைகள் கொடுத்தார்கள். ஆட்சியாளர் விருப்பத்துக்குப் போலீஸ் தலைவரைப் பந்தாடக் கூடாது, அவருக்குக் குறிப்பிட்ட பதவிக்காலம் வேண்டும், அரசியல் தலையீட்டைத் தடுக்க மாநிலந்தோறும் தனி ஆணையம் வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். இடையில் ஆட்சி மறுபடி மாறியது. அறிக்கைகள் அலமாரிக்குப் போயின. ருஸ்தம்ஜிக்கு 1991-ல் பத்மவிபூஷண் கொடுத்தார்கள், அறிக்கைகளை எடுக்கவில்லை.

1996-ல் அவற்றைத் தூசி தட்டி, நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்சநீதிமன்றத்துக்குப் போனவர் பிரகாஷ் சிங். அவரும் பி.எஸ்.எஃப். தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். தீர்ப்பு வந்தது 2006 செப்டம்பர் 22 அன்று. ருஸ்தம்ஜி 2003-லேயே காலமாகிவிட்டார்.

இதை எழுதி முடிக்கிற சமயத்தில் எங்கள் தெரு அண்ணனிடம் ருஸ்தம்ஜியைத் தெரியுமா என்று கேட்டேன். “முதல் டி.ஜி. ஆச்சே! டேக்கன்பூருக்கு ஒரு கோர்சுக்குப் போனப்ப பாத்திருக்கேன், அவர் பேர்ல காலேஜே இருக்கு” என்றார். பிகார் சிறைக் கதையைச் சொன்னேன். தினசரியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“இது ரிட்டையர் ஆன பிறகா தம்பி?”

ஆமாம் என்றேன்.

“யாரும் ஆர்டர் போடாமலா?”